எண்ணிப் பார்க்கும் அக்கா, இறுக்கிப் பிடிக்கும் தம்பி

தென்மாவட்டச் சிறுநகரம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றிவிட்டு, கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன்.

மகளுக்கு ஒன்பது வயது நிறையப் போகிறது. அரசுப் பள்ளியில் நான்காம் வகுப்பு. மகனுக்கு நாலரை வயது. கணவர் சொந்தமாகச் சிறிய கடை வைத்திருக்கிறார். மாமியாரும் உடன் இருக்கிறார், பிள்ளைகளுக்கு ஆச்சி. மகனைப் பற்றிய கவலை இது: பக்கத்து வீட்டுப் பையன் முறுக்கைத் தனியாகத் தின்றால், "எல்லோருக்கும் கொடுத்துத்தான் சாப்பிட வேண்டும்" என்று இவன் போய்ப் பாடம் சொல்கிறான். தன் கைக்கு பிஸ்கட் பொட்டலம் வந்துவிட்டாலோ, கட்டிலுக்கு அடியில் நுழைந்து தின்று முடித்துவிட்டுத்தான் வெளியே வருகிறான். அக்காவுக்கு ஒன்று கொடு என்றால் அழுகை. "இந்த வயதிலேயே சொல்வது ஒன்று, செய்வது ஒன்றாக இருக்கிறானே, சுயநலக்காரனாக வளர்ந்துவிடுவானோ" என்று தாய் பயப்படுகிறார். அதனால், எதையாவது பங்கிட்டுக் கொடுத்தால் ஒவ்வொரு தடவையும் ஐந்து ரூபாய் என்று ஆசை காட்டத் தொடங்கியிருக்கிறார்கள்.

மகள் விஷயம் வேறு. அவள் எதையும் எண்ணிப் பார்க்கிறாள். டம்ளரில் பால் ஊற்றினால் குனிந்து மட்டம் பார்க்கிறாள். சென்ற மாதம் தாய்மாமன் கடலைமிட்டாய் வாங்கி வந்தார். ஆளுக்கு ஐந்து என்று அவளே பங்கு வைத்தாள், ஒன்று மிஞ்சியது. தம்பி அதற்குக் கை நீட்டினான். ஆச்சியும் "சின்னவனுக்குக் கொடுத்துவிடு" என்றார். அவள் அந்தத் துண்டை எடுத்துக்கொண்டுபோய்க் கொல்லைப்புறச் சாக்கடையில் எறிந்துவிட்டாள். உணவை வீணாக்கினாள் என்று அப்பா ஓங்கி ஓர் அறை விட்டார். இன்னொன்றும் எழுதியிருக்கிறார். காலையில் முட்டை அவித்தால், ஆச்சி பேரனுக்கு முழு முட்டையும் பேத்திக்குப் பாதியும் வைப்பார். சில வாரங்களாக அந்தப் பாதியை மகள் தொடுவதில்லை. "முட்டையே பிடிக்காமல் போய்விட்டதோ என்று நினைத்தேன். பள்ளிச் சத்துணவில் போடும் முட்டையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாள் என்று ஆசிரியை சொல்கிறார். வேண்டுமென்றேதான் செய்கிறாள். இந்தப் பொறாமைக்கு ஏதாவது சிகிச்சை உண்டா? இனிமேல் எல்லாவற்றையும் இருவருக்கும் இம்மி பிசகாமல் சமமாகக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடுமா?" என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரி,

பிள்ளைகள் இருவரைப் பற்றியும் உங்கள் கடிதத்தில் ஆளுக்கொரு தீர்ப்பு இருக்கிறது. மகன் சுயநலக்காரன், மகள் பொறாமைக்காரி. இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. மகன் தன் வயதுக்கு எப்படி இருக்க வேண்டுமோ அப்படித்தான் இருக்கிறான். மகளோ, உங்கள் வீட்டில் நியாயத்தைப் பற்றி எல்லோரையும்விட அதிகமாகக் கவலைப்படுகிறாள். அவளைத்தான் வீடு தண்டித்துக்கொண்டிருக்கிறது. கடிதத்தைப் படித்ததும் என் மனத்தை அழுத்தியது இதுதான். ஆனால் நீங்கள் மகனிலிருந்து தொடங்கியதால் நானும் அவனிடமிருந்தே தொடங்குகிறேன்.

சொல்லத் தெரியும், செய்ய வராது

உங்கள் மகனிடம் நீங்கள் பார்க்கும் முரண்பாட்டை ஆய்வாளர்கள் சோதனை வைத்தே பார்த்திருக்கிறார்கள். கிரெய்க் ஸ்மித், பீட்டர் பிளேக், பால் ஹாரிஸ் ஆகிய மூவரும் அமெரிக்காவில் செய்து 2013-இல் வெளியிட்ட ஆய்வு அது. மூன்று முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளிடம் நான்கு ஸ்டிக்கர்களைக் கொடுத்து, முகம் தெரியாத இன்னொரு பிள்ளைக்கு எத்தனை கொடுக்க வேண்டும் என்று கேட்டார்கள். மூன்று வயதுப் பிள்ளைகள்கூடப் பாதிப் பாதி என்றுதான் சொன்னார்கள். "சரி, கொடு" என்றபோது சிறியவர்கள் பெரும்பகுதியைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள். ஏழெட்டு வயதினர் சொன்னபடியே பாதியைக் கொடுத்தார்கள். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. "நீ எத்தனை கொடுப்பாய்?" என்று முன்கூட்டியே கேட்டபோது, அந்தச் சிறு பிள்ளைகள் தாங்கள் குறைவாகத்தான் கொடுப்போம் என்று உள்ளபடியே சொல்லிவிட்டார்கள். ஏமாற்றும் எண்ணம் அவர்களிடம் இல்லை. எது சரி என்பது தெரிந்திருக்கிறது. ஆனால் கையில் இருக்கும் பிஸ்கட்டின் மீதுள்ள ஆசைக்கு எதிரே அந்த அறிவு இன்னும் பலம் பெறவில்லை.

அந்தப் பலம் கூடுவதற்கு ஆண்டுகள் ஆகின்றன. எர்ன்ஸ்ட் ஃபேரும் அவருடைய குழுவினரும் சுவிட்சர்லாந்துப் பிள்ளைகளிடம் செய்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு இனிப்புகளையும் தானே வைத்துக்கொள்ளலாம், அல்லது ஆளுக்கு ஒன்று என்று பிரித்துக்கொள்ளலாம் என்று கேட்கப்பட்டது. மூன்று நான்கு வயதில் பிரித்துக்கொள்ள முன்வந்தவர்கள் ஏறத்தாழ 9 சதவீதம்தான். ஏழெட்டு வயதில் அது 45 சதவீதம். உங்கள் மகனுக்கு நாலரை வயது. அந்தக் கணக்குப்படி அவன் பெரும்பான்மையோடு இருக்கிறான். எட்டு வயதிலும்கூடப் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் இரண்டையும் தாங்களே வைத்துக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இந்த இடைப்பட்ட ஆண்டுகளில் பல திறமைகள் ஒன்றுசேர வேண்டியிருக்கிறது. அடுத்தவர் மனத்தில் என்ன ஓடுகிறது என்று ஊகிக்கத் தெரிய வேண்டும். கொடுத்தால் நாளை நமக்கும் கிடைக்கும் என்று காத்திருக்கத் தெரிய வேண்டும். எண்ணத் தெரிவதும் இதில் சேரும். எண்ணிக்கையின் பொருள் விளங்காத பிள்ளையால் நினைத்தாலும் சரிபாதி வைக்க முடியாது. ஒருநாள் எட்டுப் புளியங்கொட்டைகளைக் கொடுத்து, இரண்டு பொம்மைகளுக்குப் பங்கு வைக்கச் சொல்லுங்கள். இதுக்கு ஒன்று, அதுக்கு ஒன்று என்று ஒவ்வொன்றாக வைக்கிறானா, அள்ளி வைத்துவிட்டுப் போகிறானா என்று பாருங்கள். அவன் மனத்தில் "சமம்" என்பது இப்போது எந்த அளவுக்கு இருக்கிறது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஈகைக் குணமே இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஒன்றரை வயதில் அவன் எப்படி இருந்தான் என்று நினைத்துப் பாருங்கள். நீங்கள் துணி உலர்த்தும்போது கிளிப் கீழே விழுந்தால் ஓடி வந்து எடுத்துக் கொடுத்திருப்பான். ஃபெலிக்ஸ் வார்னெகன், மைக்கேல் டோமசெல்லோ இருவரும் 2006-இல் வெளியிட்ட சோதனையில் ஏறத்தாழ இதே காட்சிதான் வருகிறது. துணிக் கிளிப்பைத் தவறவிட்டு, எட்டாமல் தவிப்பதுபோல் ஒருவர் பாவனை செய்ய, 18 மாதக் குழந்தைகள் கேட்காமலேயே எடுத்துக் கொடுத்தார்கள். உதவும் மனம் முதலிலேயே வந்துவிடுகிறது. தன் கையிலுள்ளதை இழந்து கொடுப்பது பிறகுதான் வருகிறது. இரண்டாவது வரவில்லை என்பதற்காக முதலாவதும் இல்லை என்று முடிவு கட்டுவது தவறு.

அந்தப் பதினோராவது கடலைமிட்டாய்

இப்போது மகளிடம் வருகிறேன். நடந்ததை ஒருமுறை மெதுவாக நினைத்துப் பாருங்கள். பங்கு வைத்தது அவள். மிஞ்சிய துண்டு அவள் கையில் இருந்தது. அவள் அதைத் தின்னவில்லை. பொறாமைதான் காரணம் என்றால் வாயில் போட்டுக்கொண்டு ஓடியிருப்பாள். தனக்கும் வேண்டாம், தம்பிக்கும் வேண்டாம் என்றுதான் எறிந்தாள்.

அலெக்ஸ் ஷா, கிறிஸ்டினா ஓல்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். ஆறு முதல் எட்டு வயதுப் பிள்ளைகளிடம் ஒரு கதை சொன்னார்கள். இரண்டு பையன்கள் தங்கள் அறையைச் சுத்தம் செய்தார்கள். அவர்களுக்குப் பரிசாக ஐந்து அழிப்பான்கள் இருக்கின்றன. பங்கு வைத்துக் கொடு என்றார்கள். ஆளுக்கு இரண்டு போக ஒன்று மிஞ்சும். அதை ஒருவனுக்குக் கொடுக்கலாமா, குப்பையில் போட்டுவிடலாமா என்று கேட்டபோது, பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் குப்பையில் போடச் சொன்னார்கள். பொருள் வீணாவதைவிட ஒருவனுக்குக் கூடுதலாகப் போவது அவர்களுக்குப் பெரிய தவறாகப்பட்டது. ஆனால் இருவரில் ஒருவன் அதிகம் வேலை செய்தான் என்று சொன்னால், தயங்காமல் ஐந்தாவதை அவனுக்குக் கொடுத்தார்கள். அதாவது அவர்கள் கேட்டது ஒரு காரணத்தை. காரணம் கிடைத்துவிட்டால் சமமின்மையையும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

உங்கள் மகள் அந்த வயதில்தான் நிற்கிறாள். ஆச்சி சொன்ன "சின்னவன்" என்பது கடலைமிட்டாய் விஷயத்தில் அவளுக்கு ஒரு காரணமாகப் படவில்லை. உணவைச் சாக்கடையில் எறிவது நல்ல பழக்கம் இல்லைதான். அதைச் சொல்லித் திருத்தலாம். ஆனால் அந்தச் செயலுக்குப் பின்னால் இருந்த மனத்தைப் பொறாமை என்று பெயரிட்டுத் தண்டித்தால், நியாயம் பார்ப்பதே குற்றம் என்று அவள் கற்றுக்கொள்வாள்.

பிள்ளைகளின் நியாய உணர்வு இரண்டு பகுதிகளாக வளர்கிறது. முதலில் வருவது, தனக்குக் குறைந்தால் பொறுக்காத உணர்வு. பிறகு வருவது, தனக்குக் கூடினாலும் உறுத்தும் உணர்வு. பீட்டர் பிளேக், கேத்ரின் மெக்காலிஃப் இருவரும் 2011-இல் வெளியிட்ட சோதனையில் இரண்டு பிள்ளைகளை எதிரெதிரே உட்கார வைத்தார்கள். இனிப்புகள் இருவருக்கும் முன்னால் வைக்கப்படும். ஒரு பிள்ளை பச்சைக் கைப்பிடியை இழுத்தால் அவரவர் பங்கு அவரவர்க்கு. சிவப்பை இழுத்தால் இருவருக்குமே கிடையாது. தனக்கு ஒன்று, எதிரில் இருப்பவருக்கு நான்கு என்றால், நான்கு வயதுப் பிள்ளைகள்கூடச் சிவப்பை இழுத்து அந்த ஒன்றையும் இழந்தார்கள். தனக்கு நான்கு, மற்றவருக்கு ஒன்று என்றபோது மறுத்தவர்கள் எட்டு வயதுப் பிள்ளைகள்தான்.

பின்னர் இதே சோதனையை இந்தியா உட்பட ஏழு நாடுகளில் செய்து 2015-இல் வெளியிட்டார்கள். தனக்குக் குறைவதை மறுக்கும் உணர்வு ஏழு நாட்டுப் பிள்ளைகளிடமும் தோன்றியது. தனக்குக் கூடுவதை மறுப்பது அமெரிக்கா, கனடா, உகாண்டா ஆகிய மூன்றில் மட்டும், அதுவும் வளர்ந்த பிள்ளைகளிடம், காணப்பட்டது. இந்தியப் பிள்ளைகளிடம் காணப்படவில்லை. இதை வைத்து நம் பிள்ளைகள் மட்டம் என்று யாரும் சொல்லிவிட முடியாது; முன்பின் தெரியாத பிள்ளையோடு ஒரு மேஜையில் ஆடும் ஆட்டம் அது. ஆனால் முதல் உணர்வு எங்கும் வந்துவிடுகிறது, இரண்டாவது உணர்வைச் சுற்றியுள்ளவர்கள்தான் வளர்க்க வேண்டியிருக்கிறது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். வயதானால் எல்லாம் தானாக வரும் என்று கை கட்டிக்கொண்டு இருக்க முடியாது. அதிகம் கிடைத்தவர் "எனக்கு இவ்வளவு வேண்டாம்" என்று சொல்வதைப் பிள்ளை வீட்டில் பார்த்திருக்க வேண்டும். உங்கள் வீட்டில் அதிகம் கிடைப்பது மகனுக்கு. அவன் அதை எங்கே பார்ப்பான்?

பாதி முட்டை

மகள் பாதி முட்டையைத் தொடாததற்கு விளக்கம் இப்போது உங்களுக்கே புலப்பட்டிருக்கும். சிவப்புக் கைப்பிடியை இழுத்த பிள்ளையின் செயல்தான் அது. அவளுக்கு முட்டை பிடிக்காமல் போகவில்லை. சத்துணவு வரிசையில் நிற்கும்போது அவளுக்கு முன்னால் நிற்கும் பையனுக்கும் ஒரு முட்டை, அவளுக்கும் ஒரு முட்டை. அங்கே சாப்பிடுகிறாள். வீட்டில் ஒரு கண்ணில் வெண்ணெயும் ஒரு கண்ணில் சுண்ணாம்புமாக வைக்கிறார்கள். இங்கே மறுக்கிறாள். வேண்டுமென்றேதான் செய்கிறாள் என்று நீங்கள் எழுதியது உண்மைதான். ஏன் என்று கேட்காமலேயே அடி விழுகிற வீட்டில், அவளுக்கு வேறு என்ன வழி இருக்கிறது?

உடம்புக் கணக்குப்படி பார்த்தாலும் இந்தப் பங்கீடு தலைகீழானது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்குச் சுமார் 16 கிராம் புரதம் தேவை. ஏழு முதல் ஒன்பது வயதுக்குச் சுமார் 23 கிராம். ஒரு முட்டையில் கிடைப்பது ஏறத்தாழ ஆறு கிராம். பெண் பிள்ளைகள் ஆண் பிள்ளைகளைவிட முன்னதாகவே வேகமாக வளரத் தொடங்குவார்கள். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகள் உங்கள் மகளுக்கு அப்படிப்பட்டவை. இந்த நேரத்தில் அவள் தட்டில் குறைவது எனக்குக் கவலை தருகிறது.

இந்து குடும்பங்களில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு உண்டு என்று தமிழ்நாட்டில் 1989-இலேயே சட்டம் வந்தது. நாடு முழுவதற்கும் அது 2005-இல் வந்தது. சொத்துப் பங்கில் சட்டம் துணை நிற்கும். முட்டைப் பங்கில் அவளுக்குத் துணை நிற்க உங்களைத் தவிர யாரும் இல்லை.

உங்கள் அத்தையைக் குற்றம் சொல்லச் சொல்லவில்லை. அவர் காலத்தில் அவருக்கும் பாதிதான் கிடைத்திருக்கும், அல்லது அதுவும் கிடைத்திருக்காது. பேரன் மீதுள்ள பாசத்தை அவர் அப்படித்தான் காட்டப் பழகியிருக்கிறார். பிள்ளைகள் எதிரே அவரோடு வாதாடாதீர்கள்; மகள் தன்னால்தான் சண்டை என்று நினைத்துக்கொள்வாள். "அத்தை, காலைச் சாப்பாட்டை நான் எடுத்து வைத்துவிடுகிறேன், நீங்கள் உட்காருங்கள்" என்று அந்த வேலையை உங்கள் கைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு முட்டை. வாங்க முடியாத நாளில் ஆளுக்குப் பாதி. மகளின் வயதையும் வளர்த்தியையும் காரணமாகச் சொல்லி, உங்கள் கணவர் தன் தாயாரிடம் தனியாகப் பேச வேண்டும். மருமகள் சொன்னால் அது குறை. மகன் சொன்னால் அது அக்கறை. நம் வீடுகளின் நடப்பு அது, எனவே அதையே பயன்படுத்திக்கொள்ளுங்கள். அத்தை கேட்காமல் மறுபடியும் பாதி வைத்தால், உங்கள் பங்கிலிருந்து எடுத்து மகளுக்கு வைத்துச் சமாளிக்காதீர்கள். பெண்களுக்குள்தான் குறைத்துக்கொள்ள வேண்டும் என்ற பாடத்தையே அது மறுபடி சொல்லிக்கொடுக்கும்.

எல்லாவற்றையும் சமமாகக் கொடுத்துவிட்டால்?

தேவை ஒன்றாக இருக்கும் இடத்தில் சமமாகக் கொடுங்கள்: சாப்பாடு, தின்பண்டம், பண்டிகைத் துணி, உங்கள் மடி. மற்ற இடங்களில் சமம் சரிப்பட்டு வராது. அவளுக்குப் பள்ளிக்கூடப் பை கிழிந்தால் அவளுக்குத்தான் பை; அவனுக்கும் ஒன்று வாங்க வேண்டியதில்லை. அவனுக்குக் காய்ச்சல் என்றால் அவன் பக்கத்தில்தான் நீங்கள் படுக்க வேண்டும். அமெரிக்காவில் அமண்டா கோவல், லாரி கிரேமர் இருவரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், பதினொன்று முதல் பதின்மூன்று வயதுப் பிள்ளைகள், பெற்றோர் தங்களையும் உடன்பிறந்தவரையும் வேறு வேறாக நடத்துவதைப் பெரும்பாலும் அநியாயமாகக் கருதவில்லை. வயது, தேவை என்று அதற்கான காரணம் அவர்களுக்குப் புரிந்திருந்தது. வேறுபாட்டைவிட, காரணம் சொல்லாத வேறுபாடுதான் பிள்ளையைப் புண்படுத்துகிறது. உங்கள் மகள் அந்தப் புரிதலுக்கு நெருங்கி வந்துகொண்டிருக்கிறாள். காரணத்தைச் சொல்லிப் பாருங்கள்.

"நீ பெரியவள்தானே, விட்டுக்கொடு" என்பதைக் காரணம் என்று எண்ணிவிடாதீர்கள். தமிழ் வீடுகளில் எத்தனையோ அக்காக்களின் வாயை அடைத்த சொல் அது. பெரியவள் என்பதால் விட்டுக்கொடுக்க வேண்டும் என்றால், பெரியவள் என்பதால் கிடைப்பதும் ஏதாவது இருக்க வேண்டும்: அரை மணி நேரம் பிந்தித் தூங்கலாம், கடைக்குத் தனியாகப் போகலாம், வீட்டு விஷயத்தில் அவள் கருத்தும் கேட்கப்படும் என்பதுபோல.

ஒன்று மிஞ்சினால் என்ன செய்வது? பிள்ளைகளிடமே அதற்கு நல்ல ஏற்பாடு இருக்கிறது. சா பூ த்ரீ போடச் சொல்லுங்கள், அல்லது சீட்டுக் குலுக்குங்கள். யாருக்கும் சாயாத முறையில் முடிவானால், கூடுதலாக ஒருவருக்குப் போவதைப் பிள்ளைகள் ஏற்றுக்கொள்கிறார்கள் என்பது சோதனைகளிலும் தெரிகிறது. துண்டு போட வேண்டிய பண்டம் என்றால் ஒருவர் வெட்டட்டும், மற்றவர் முதலில் எடுக்கட்டும். மகள் வெட்டும்போது பாருங்கள், பால் டம்ளரில் மட்டம் பார்த்த அதே கண் அங்கே எவ்வளவு உதவுகிறது என்று.

ஐந்து ரூபாயை நிறுத்திவிடுங்கள்

காசு கொடுத்தால் இன்றைக்கு அவன் பிஸ்கட்டை நீட்டுவான். காசு நின்ற அன்று அதுவும் நின்றுவிடும். வார்னெகனும் டோமசெல்லோவும் 2008-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு 20 மாதக் குழந்தைகளைப் பற்றியது. உதவியதற்குப் பொம்மை பரிசாகப் பெற்ற குழந்தைகள், பிறகு பரிசு இல்லாதபோது மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாகவே உதவினார்கள். பாராட்டு மட்டும் பெற்றவர்களுக்கு அப்படி ஆகவில்லை. தானாக வரும் ஒன்றுக்கு விலை வைத்தால் அது வியாபாரமாகிவிடுகிறது.

கையிலிருந்து பிடுங்கி அக்காவுக்குக் கொடுப்பதும் உதவாது. நாத்யா செர்னியாக், தமர் குஷ்னிர் இருவரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், சோகமாக இருந்த நாய்ப் பொம்மைக்குத் தன் ஸ்டிக்கரைக் கொடுக்கலாமா, தானே வைத்துக்கொள்ளலாமா என்று உண்மையாகவே முடிவெடுக்க விடப்பட்ட பிள்ளைகள், அடுத்து வேறொரு பொம்மைக்கும் கூடுதலாகக் கொடுத்தார்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லப்பட்டவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. ஆகவே "உன் பொட்டலத்தில் எட்டு இருக்கிறது, அக்காவுக்கு எத்தனை கொடுக்கலாம் என்று நீயே சொல்" என்று கேளுங்கள். ஒன்று என்பான். சில நாள் ஒன்றும் இல்லை என்பான். அந்தப் பதிலையும் ஏற்றுக்கொண்டால்தான் அது உண்மையான கேள்வி. ஒன்றைக் கொடுத்தான் என்றால், "நல்ல பிள்ளை" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "அக்கா முகத்தைப் பார், எவ்வளவு மகிழ்ச்சி" என்று காட்டுங்கள்.

இன்னும் எளிய வழி ஒன்று உண்டு. இருவரையும் சேர்த்து வேலை செய்ய விடுங்கள். 2011-இல் வெளிவந்த ஒரு சோதனையில், மூன்று வயதுப் பிள்ளைகள் இருவர் சேர்ந்து கயிற்றை இழுத்துக் கோலிக்குண்டுகளைப் பெற்றார்கள். ஒருவருக்கு மூன்று, மற்றவருக்கு ஒன்று விழுந்தால், மூன்று பெற்ற பிள்ளை பெரும்பாலும் ஒன்றைத் தானாகவே எடுத்துக் கொடுத்தது. சும்மா கிடைத்த குண்டுகளில் அந்தத் தாராளம் மிகவும் குறைவாக இருந்தது. சேர்ந்து பாடுபட்டது நம் இருவருடையது என்ற எண்ணம் மூன்று வயதிலேயே இருக்கிறது. கடலையை உடைத்துக் கொடுப்பது, இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் கலப்பது, ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது என்று இருவரும் சேர்ந்தால்தான் முடியும்படியான வேலைகளைக் கொடுங்கள். அதில் வந்ததைப் பங்கு போடச் சொல்லுங்கள். வாங்கி வந்த பிஸ்கட்டில் தோற்ற மகன் இதில் உங்களை ஆச்சரியப்படுத்தக் கூடும்.

சிகிச்சை தேவையா?

நீங்கள் எழுதியவற்றில் நோய் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் மகள் முட்டை மட்டுமல்லாமல் மற்றச் சாப்பாட்டையும் ஒதுக்கத் தொடங்கினால், எடை குறைந்தால், தூக்கம் கெட்டால், பள்ளிக்குப் போக மறுத்தால், தம்பியைக் காயப்படுத்தினால், அல்லது "நான் இல்லாமல் போனால் நல்லது" என்பது போல ஏதாவது சொன்னால் தாமதிக்காதீர்கள். மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற இலவச எண்ணில், டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவிச் சேவையோடும் தமிழில் பேசலாம். அங்கே போவதால் பிள்ளைக்குப் பைத்தியம் என்று பொருள் இல்லை. உறவினர் யாராவது அப்படிச் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, அதை உங்கள் கணவர்தான் செய்ய வேண்டும். அந்த அறைக்காக அவர் மகளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். தனியாக, கடைக்குக் கிளம்பும் அவசரம் இல்லாத ஒரு நேரத்தில், "உன்னை அடித்தது தப்பு. தின்பண்டத்தை எறிந்ததும் சரியில்லை, ஆனால் நீ ஏன் எறிந்தாய் என்று நான் கேட்டிருக்க வேண்டும். இப்போது சொல்" என்று கேட்கச் சொல்லுங்கள். பெற்றவர் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்று அவர் தயங்கலாம். நியாயம் பார்க்கிற பிள்ளை, தப்பை ஒப்புக்கொள்ளும் அப்பாவைக் கூடுதலாகத்தான் மதிக்கும். அவள் உடனே பேசாமல் இருந்தாலும் வற்புறுத்த வேண்டாம். இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்கட்டும். அவள் முட்டையைப் பற்றிப் பேசினால் இடைமறிக்காமல் முழுவதும் கேட்டுவிட்டு, அதன்பிறகு அவர் தன் தாயாரிடம் பேசப் போவதுதான் முறை.